பேர் வெளியே வராது

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து நித்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது விமானப் பாதுகாப்புத் திட்டப் பிரிவையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஊழியர்கள் ஆபத்துகளைப் பற்றித் தகவல் கொடுக்கும் படிவம் இனிமேல் கைபேசிக்கே வந்துவிடுமாம். அதையொட்டிப் புதியவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு.

"நம்ம மண்டலத்துல இதை ஆரம்பிச்சதே நீங்களும் மேத்யூ சாரும்தானே சார். ஊழியர்களோட நம்பிக்கையை எப்படிச் சம்பாதிச்சீங்கன்னு ஒரு அரை மணி நேரம் வந்து பேசுங்க" என்றாள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்று பேச முடியாததை எழுதியாவது கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்பா ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். மதுரையில் பொறியியல் படித்தேன், தேர்வு எழுதினேன், விமானத் துறையில் வேலை கிடைத்தது. முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஓடுபாதை விளக்குகளைச் சரிபார்ப்பதிலும் சுற்றுச்சுவரில் நாய் நுழையும் ஓட்டைகளைக் குறித்துக்கொள்வதிலும் போயின. அதற்குப் பிறகுதான் சென்னையில் இருந்த மண்டல அலுவலகத்துக்கு, திட்டப் பிரிவுக்கு, என்னை மாற்றினார்கள்.

பாதுகாப்புத் திட்டம் என்றால் பலருக்குப் புரிவதில்லை. விபத்து நடந்த இடத்துக்குப் போய் ஆராய்கிறவர்கள் வேறு. எங்கள் வேலை, தெற்கே இருக்கிற விமான நிலையங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இங்கே அடுத்த சில வருடங்களில் எது தப்பாகப் போகக்கூடும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில் ஏரி இருக்கும், பறவைதான் அங்கே பிரச்சினை. இன்னொன்றைச் சுற்றி மாடி வீடுகள் உயர்ந்துகொண்டே போகும். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு வந்து சேரும் ஒரு நிலையத்துக்கு நான் எழுதிய வரி இதுதான்: உண்மையைச் சொல்லாமல் அனுப்பப்படும் வெடிபொருள்.

பட்டாசை விமானத்தில் ஏற்றக் கூடாது. லாரியிலும் கப்பலிலும்தான் போக வேண்டும். ஆனால் வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுக்கிறவர், முதலில் சாம்பிள் வேண்டும், உடனே வேண்டும் என்பார். கப்பலில் போனால் வாரக்கணக்கில் ஆகும். அப்போது யாராவது ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, மேலே 'அச்சுப் பொருள்' என்று எழுதிவிடுவார். அந்தப் பெட்டி பயணிகள் விமானத்தின் அடியில் ஏறும். மேலே குழந்தைகளோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப் பெட்டிகள் போகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே, எப்படி என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, சரக்கைத் தொட்டுத் தூக்குகிறவர்கள் வாயைத் திறப்பதுதான். அதற்காகத்தான் அந்தப் படிவம்.

படிவத்தை வடிவமைத்தவர் என் மேலதிகாரி மேத்யூ சார். பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் இறங்கும். என்ன சொல்கிறார் என்று கேட்க நாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

படிவம் ஒரே தாள். மேலே நான்கு விரல் அகலத்துக்குப் பேர், முகவரி, தொலைபேசி எண். அதன் கீழே வெட்டுவதற்கான புள்ளிக்கோடு. அதற்கும் கீழே, நீங்கள் பார்த்தது என்ன என்று ஒரே ஒரு கேள்வி. 'தவறு யாருடையது' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்தபோது சார் மறுத்துவிட்டார். தாளின் பின்பக்கம் தமிழில் இருந்ததெல்லாம் நான் எழுதியது. 'உங்கள் பேர் வெளியே வராது. தகவல் கொடுத்ததற்காக உங்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கினால் எங்களிடம் முறையிடலாம்.' இந்த மூன்று வரிகளுக்கு நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

தபால் வந்தால் சார்தான் பிரிப்பார். பிரிக்கும்போதே இடது உள்ளங்கையைத் தாளின் மேல்பகுதியில் வைத்து மூடிக்கொள்வார். தமிழில் எழுதியிருந்தால் நான் எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்து மொழிபெயர்த்துச் சொல்வேன். ஏதாவது விளக்கம் வேண்டுமென்றால் எழுதியவரிடம் ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசலாம். அதையும் சார்தான், என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவார். பிறகு புள்ளிக்கோட்டில் கத்தரித்து, அந்தத் துண்டை உறையில் போட்டு, எழுதியவருக்கே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார். தபாலாபீசுக்கும் அவரே நடந்து போவார். பிரதி எடுப்பது கிடையாது. இரண்டாவது நாள் அந்தப் பேர் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்காது.

ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஒருவர், ஒரு தகவலை எழுதியது யார் என்று தொலைபேசியில் வற்புறுத்தினார். சார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் எனக்குத் தெரியாத மாதிரிதான் இந்த வேலையை அமைச்சிருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

ஒரு வருடம் அவர் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் போனார். போகும்போது தபால் பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்தார். "குருசாமி, இந்த ஆறு வாரம் உங்களுக்குச் சில பேர் தெரிய வரும். அனுப்பின அன்னைக்கே மறந்துடுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன்.

நான்காவது வாரம் ஒரு படிவம் வந்தது. எழுதியவளை இங்கே மாரீஸ்வரி என்று சொல்கிறேன், ஊர் ஏழாயிரம்பண்ணை என்று சொல்கிறேன். பேரும் அது இல்லை, ஊரும் அது இல்லை. நான் மேலே சொன்ன விமான நிலையத்தில், சரக்கை எடைபோட்டு ஏற்றுக்கொள்ளும் கவுண்டரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி வழியாக வேலை செய்த பெண். குண்டு குண்டான எழுத்து.

'பெட்டியில் காலண்டர் சாம்பிள் என்று போட்டிருந்தது. டேப் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. ஒட்டப் போனபோது விரலில் வெள்ளி மாதிரித் தூள் ஒட்டியது. சோப்புப் போட்டும் போகவில்லை. எனக்கு அந்த வாடை தெரியும். அம்மா பட்டாசு வேலைக்குப் போய் வருவார். இது வெடிமருந்து என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். சீசன் நேரத்தில் லோடை நிறுத்தாதே என்று ஏற்றிவிட்டார்.'

ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. ஒரு முறை பேசினேன்.

"எக்ஸ்ரே மெஷின்ல ஒண்ணும் தெரியலையாம்மா?"

"பேப்பர்க் குழாயும் பேப்பரும் அதுல ஒண்ணுபோலத்தான் சார் தெரியும். வாடைதான் சார் காட்டிக் கொடுத்துச்சு." பிறகு அவளே கேட்டாள். "அந்தப் பிளேன் போனதுலருந்து ரெண்டு நாளா டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன் சார். ஒண்ணும் ஆகலைல்ல?"

"ஒண்ணும் ஆகலைம்மா. நல்லபடியாப் போய்ச் சேர்ந்துருச்சு."

"எம் பேரு வெளிய தெரியாதுல்ல சார்? இந்தச் சம்பளத்துலதான் தம்பி காலேஜ் படிக்கான்."

"தெரியாதும்மா. அதுக்கு நான் பொறுப்பு."

துண்டைக் கத்தரித்து நானே தபாலில் சேர்த்தேன். அந்த நிலையத்துக்குப் பொதுவாக ஓர் உத்தரவு போனது: கவுண்டரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஏற்றக் கூடாது. அதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் சரிதான்.

அதற்கு அடுத்த வாரம் சிவகாசியில் ஒரு கூட்டம். திட்டத்தின் ஒரு பகுதியாக, சரக்கு அனுப்புகிறவர்களை நேரில் சந்தித்துப் பேச வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சார் இல்லாததால் நான் போனேன். ஒரு கல்யாண மண்டபம். பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர்கள், அச்சகக்காரர்கள், சரக்கு ஏஜெண்டுகள் எல்லோரும் வந்திருந்தார்கள். திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

மதியம் இலை போட்டார்கள். பக்கத்தில் ஜெயபால் உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு. அச்சகமும் பட்டாசும் வைத்திருக்கிற குடும்பம். நாங்கள் படிக்கும்போது அவன் காரில் வருவான், நான் அப்பாவின் ஆலைச் சட்டையை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்து வருவேன். அன்றைக்கு அவன் "என்னலே குருசாமி, பெரிய ஆளாயிட்டே" என்று என் இலைக்கு அவனே அப்பளம் எடுத்து வைத்தான். மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் நான் பேசுவதைக் கேட்கச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

எதிரே இருந்த ஏஜெண்ட் ஒருவர் கொஞ்சம் குத்தலாகவே கேட்டார். "எங்களையே எல்லாரும் குத்தம் சொல்றீக. சென்னையில ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, எங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? மெஷினுக்கே தெரியலையே?"

எனக்குச் சுருக்கென்றது. "மெஷின் எதுக்குங்க?" என்றேன். "ஏழாயிரம்பண்ணையில பொறந்த மூக்கு ஒண்ணு போதும். காலண்டர் வாடை எது, மருந்து வாடை எதுன்னு அது சொல்லிரும்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜெயபால் மட்டும் குனிந்து மெதுவாகக் கேட்டான். "ஏழாயிரம்பண்ணை ஆளா? ஏர்போர்ட்டு கவுண்டர்லயா இருக்கு?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்லே" என்றேன். பாயசம் வந்தது. குடித்தேன். தொண்டையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, என்ன செய்திருக்கிறேன் என்று. 'காலண்டர்' என்ற சொல்லையும் சேர்த்தல்லவா சொல்லியிருக்கிறேன்.

யார் அதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெயபாலாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். எடுத்துக் கொடுத்தவன் நான்.

அடுத்த வாரமே என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"சார், நான் மாரீஸ்வரி பேசுறேன். அன்னிக்குப் பேசுனீகளே." குரலில் அழுகை இல்லை. மூச்சு மட்டும் வேகமாக வந்தது. "இன்னைலருந்து வர வேண்டாம்னுட்டாக சார். ஆள் குறைப்புன்னு சொல்றாக. என்னை ஒருத்தியை மட்டும்தான் குறைச்சிருக்காக."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கிளம்பும்போது சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னாடி கேக்காரு சார், ஏழாயிரம்பண்ணை மூக்கு எப்படி இருக்குன்னு. எல்லாரும் சிரிக்காக. நான் மூக்கைப் பத்தி யார்கிட்டயும் பேசினதே இல்லை. படிவத்துல எழுதினதோட சரி." பிறகு கேட்டாள். "சார், நீங்க யார்கிட்டயாவது சொன்னீகளா?"

எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா" என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லலை."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மேத்யூ சார் கைத்தடியோடு திரும்பி வந்தார். சாவியைக் கொடுத்தேன். "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். பதவி உயர்வுக்கு என் பேர் போயிருந்த நேரம் அது. அதைவிட, அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லை சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த விமான நிலையத்திலிருந்து ஒரு படிவம்கூட வரவில்லை. கவுண்டரில் இருந்தவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், ஒருவரும் எழுதவில்லை. அவளுக்கு நடந்ததை எல்லோரும்தான் பார்த்தார்களே.

வருட முடிவில் திட்டத்தின் முன்னேற்ற அறிக்கையை எழுத வேண்டியவன் நான். அந்த நிலையத்துக்கு நேராக, 'தகவல்கள் குறைந்துள்ளன. இடர் கட்டுக்குள் வந்திருப்பதையே இது காட்டுகிறது' என்று எழுதினேன். படித்துக்கொண்டே வந்த சார் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தினார்.

"குருசாமி, குறைஞ்சிருக்கா? இல்லை நின்னு போச்சா?"

"குறைஞ்சிருக்கு சார்."

நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அந்த அறிக்கையை வேறு மண்டலங்களும் வாங்கிப் பார்த்தன. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, பதவி உயர்வும் வந்தது. சார் அடுத்த வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நான் இன்னும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்று புதியவர்களுக்குப் பாடம் எடுத்தேன்.

நித்யா கூப்பிட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். துண்டைத் தபாலில் சேர்த்த அன்றைக்கே மறந்திருக்க வேண்டிய முகவரி, தெருப் பேரோடு எனக்கு அப்படியே நினைவில் இருந்தது. வழியெல்லாம் வெயிலில் காய்ந்த காடு. நடுநடுவே, தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். லீவு நாள் என்பதால் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஊர் முகப்பில் வரிசையாக நின்றன.

அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. "மாரீஸ்வரி வீடு இதுதானேம்மா?" என்று கேட்டேன். கையில் துணியோடு அப்படியே திரும்பினாள்.

"நீங்க சென்னை ஆபீஸ் சார்தானே? குரல் அப்படியே இருக்கு. உள்ள வாங்க."

நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். தம்பி படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறானாம். நான் தண்ணீரைக் குடிக்காமலே சொல்ல ஆரம்பித்தேன். சிவகாசிக் கூட்டம், சாப்பாட்டு மேசை, நான் சொன்ன சொல், எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள்.

"எப்படிம்மா?"

"நான் கேட்டதும் நீங்க பேசவே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னுகூட நெனச்சேன். அப்புறம்தான் இல்லம்மான்னீக."

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வாய் தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான் சார். அதை நான் பெருசா நெனக்கலை. ஆமாம்மா, நான்தான் உளறிட்டேன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, நீங்க திருப்பி அனுப்பின துண்டைத் தூக்கிக்கிட்டு உங்க ஆபீசுக்கே வந்திருப்பேன். வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, நிறுத்தினா முறையிடலாம்னு படிவத்துக்குப் பின்னாடி அச்சடிச்சிருந்துச்சே. பேரே வெளிய வரலைன்னு நீங்களே சொன்ன பெறகு நான் எதை வச்சு சார் போய்க் கேக்குறது?"

அந்த வரியை எழுதியவன் நான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "இப்பவும் எழுதிக் குடுக்கிறேம்மா, என் பேரைப் போட்டு" என்றேன்.

"இப்ப எதுக்கு சார். அந்தக் காண்ட்ராக்ட் கம்பெனியே இப்ப அங்கன கிடையாது."

"இப்ப என்ன வேலை பாக்குறே?"

"பட்டாசுக் கம்பெனியில வருகை எழுதுறேன். காலையில வேன் வரும்." வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சுவத்துலயே எழுதியிருக்கு சார். சீசன்ல எம்புட்டுப் பேர் இருக்காகன்னு எனக்குத் தெரியும். பேர் எழுதுறதே நான்தானே. பாத்துட்டுப் பேசாம இருந்துக்கிடுறேன்."

நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். பழைய பழக்கம். "எந்தக் கம்பெனிம்மா? சொல்லு. பேச வேண்டியவங்ககிட்ட நான் பேசுறேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள். அதில் கோபம் இல்லை. "காபி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் வந்தேன். திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் தெருவுக்கு வரும் வேன் எந்தக் கம்பெனியுடையது என்று விசாரிப்பது பெரிய காரியமில்லை. விசாரித்து நான் ஒரு கடிதம் எழுதிப் போட்டால், தகவல் எங்கிருந்து போனது என்று அவர்கள் முதலில் வருகை எழுதுகிறவளைத்தான் பார்ப்பார்கள். எழுதாமல் விட்டால், அந்த அறையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் போட்டுக் கொடுப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்கு அத்தனை வருடம் சம்பளம் கொடுத்தது.